பழைய காரில் 'டொக் டொக்': இன்ஜின் போச்சா, போல்ட் போச்சா?

துவரங்குறிச்சி தாண்டி மதுரையை நோக்கி வந்துகொண்டிருந்தோம். கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் பின்சீட்டில் எல்லோரும் தூக்கம். திடீரென்று பானெட்டுக்குள்ளிருந்து, யாரோ கதவைத் தட்டுவதுபோல 'டொக் டொக் டொக்'. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வேகமாகத் தட்டியது. காலை எடுத்தால் நிதானமாகத் தட்டியது. பக்கத்தில் இருந்த அப்பா, "ஓரமா நிறுத்துடா" என்றார். அவருக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால், அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

வண்டி, 1999 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் போட்டது. அப்பா வாங்கிய முதல் கார். கடைசிக் காரும் அதுதான். பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டுமே, அதை முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

உருட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து இரண்டு முறை ரேஸ் பண்ணிப் பார்த்தவர், "கிராங்க் போயிடுச்சு சார். இன்ஜினை இறக்கணும். நாற்பதாயிரம் எடுத்து வெச்சுக்கங்க" என்றார். அந்த வண்டியை விற்றால் நாற்பதாயிரம் வருமா என்பதே சந்தேகம். வீட்டில் அன்று இரவு ஒரே விவாதம். என் மனைவி, "காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றாள். அப்பா எதுவும் பேசவில்லை, சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்விட்டார்.

பழைய கார் வைத்திருக்கும் எல்லோர் வீட்டிலும் என்றாவது ஒருநாள் இந்தக் காட்சி வரும். அப்போது கையைப் பிசையாமல் இருக்க, சத்தங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. மெக்கானிக்கிடம் சரியான கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலில் டிக்கியைத் திறங்கள்

சிரிக்காதீர்கள். கழன்றுகிடக்கும் ஜாக்கி, சரியாக முடுக்காத ஸ்டெப்னி, சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் எல்லாம் 'இன்ஜின் சத்தம்' என்று வொர்க்‌ஷாப் வரை போயிருக்கின்றன. அடுத்து, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் இன்ஜின் பக்கம். ஓடும்போது மட்டும் வந்து, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் வீல் பேரிங், டயர், பிரேக் என்று தேட வேண்டும். கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். நியூட்ரலில் வரும் உறுமல், மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் கியர்பாக்ஸ் பேரிங் மீது சந்தேகப்படலாம். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

மேலே டிக் டிக்... கீழே டொக் டொக்

இன்ஜினின் உள்ளே இரண்டு சுற்று நடக்கிறது. கீழே கிராங்க் ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒருமுறைதான் சுற்றும். ஐடிலில் கிராங்க் நிமிடத்துக்கு 900 முறை சுற்றுகிறது என்று வையுங்கள், நொடிக்கு 15. கேம் அதில் பாதி. அதனால்தான் டேப்பட் சத்தம் தையல் மெஷின்போல எண்ணிவிடலாம் என்கிற வேகத்தில், லேசாக, மேலிருந்து வருகிறது. கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்த சத்தம் கனமாக, இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து, இரண்டு மடங்கு வேகத்தில் வரும்.

டேப்பட் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி கூடிவிட்டது, அவ்வளவுதான். மாருதி 800 போன்ற வண்டிகளில் ஃபீலர் கேஜ் வைத்து, ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்துவிடலாம். சத்தமே கூடாது என்று அதை ஒரேயடியாக இறுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. வால்வு முழுதாக மூடாமல் நாளடைவில் எரிந்துபோகும். சத்தம் போடும் டேப்பட்டைவிட, ஊமை டேப்பட்தான் பெரிய செலவு வைக்கும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் எப்படி இருக்கிறது, பத்து நிமிடம் ஓடிய பிறகு எப்படி இருக்கிறது என்பது முக்கியமான துப்பு. குளிர்ந்த இன்ஜினில் 'கடகட'வென்று ஆரம்பித்து, சூடானதும் அடங்கினால், தேய்ந்த பிஸ்டன் சிலிண்டரில் ஆடுவதாக இருக்கலாம். சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதால் அடங்குகிறது. இன்ஜினிலிருந்து புகைக்குழாய் கிளம்பும் இடத்தில் கேஸ்கெட் போனாலும் இதே மாதிரிதான், ஆனால் 'டிக்'குடன் ஒரு 'புஸ்'ஸும் சேர்ந்து வரும். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கசியும் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டும் காருக்குள் அது வரக்கூடாது.

இதற்கு நேர்மாறாக, சூடாக ஆக சத்தம் கூடினால் நிலைமை மோசம். ஆயில் இளகி, தேய்ந்த பேரிங்குக்குப் போதுமான மெத்தையாக இருக்க முடியவில்லை என்று அர்த்தம். கூடவே டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. என் சித்தப்பா ஒருவர், "வீடு பக்கத்துலதானே இருக்கு" என்று அந்த விளக்கோடு ஓட்டினார். கனெக்டிங் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே எட்டிப்பார்த்தது. வீட்டுக்கு லாரியில்தான் வந்தார்.

மலைப்பாதையில் நான்காவது கியரில் மூச்சுத்திணற ஏறும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம் வருமே, அது நாக்கிங். பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கிறது. உடனே கியரைக் குறையுங்கள். அடிக்கடி வந்தால் இக்னிஷன் டைமிங், உள்ளே படிந்த கரி, அதிகச் சூடு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேரனுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீ...ச்' என்று தெருவே திரும்பிப் பார்க்கிறதா? பெல்ட். மழைக்காலத்திலும் ஹெட்லைட் போடும்போதும் அதிகமாகும். மாருதி 800-ல் ரேடியேட்டர் ஃபேன் தனி மோட்டாரில் சுற்றினாலும், ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றும் பெல்ட்டுக்கு நம் ஊரில் 'ஃபேன் பெல்ட்' என்றே பெயர். பெயர் போகட்டும். அது அறுந்தால் இன்ஜின் சூடாகிவிடும், பேட்டரியும் இறங்கிவிடும்.

இந்தக் கீச்சுச் சத்தம் எங்கள் வீட்டில் முதலில் என் மகனுக்குத்தான் கேட்கும். அப்பா, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பார். வயதானால் உச்சஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். கனத்த 'டொக் டொக்' கேட்கும். அதனால், சத்தம் கண்டுபிடிக்கும் வேலையில் வீட்டில் எல்லா வயதுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடும் இன்ஜின் பக்கம் சிறுவர்களைக் குனியவிடாதீர்கள். துப்பட்டா, துண்டு, முந்தானை எதுவும் பெல்ட் அருகே போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

கையில் இருக்கும் செல்போனையும் பயன்படுத்துங்கள். வொர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றதும் சத்தம் காணாமல்போவது உலக வழக்கம். சத்தம் வரும்போதே மூன்று வீடியோ எடுத்துவிடுங்கள்: காலை முதல் ஸ்டார்ட், சூடான பிறகு பானெட் திறந்தபடி, வண்டிக்குள்ளிருந்து. வெறும் வாயால் 'டொக் டொக்' என்று நடித்துக் காட்டுவதைவிட இது மேல்.

பெல்ட்டைக் கழற்றினார்

எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலையில் அப்பா ஒருவரை அழைத்து வந்தார். பல வருடத்துக்கு முன்பு எங்கள் வண்டியைப் பார்த்தவர். இப்போது கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறார். நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை இன்ஜின் மீதும் பிடியைக் காதோரமும் வைத்து, டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதுபோல ஒவ்வோர் இடமாகக் கேட்டார். அடியில் ஆயில் சம்ப் பக்கம் வைத்தபோது உதட்டைப் பிதுக்கினார். ஆல்டர்னேட்டர் பக்கம் வந்ததும் நின்றார்.

"ஆஃப் பண்ணுங்க தம்பி."

ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றினார். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. அரை நிமிஷம்தான். வாட்டர் பம்ப் சுத்தாது, அதுக்கு மேல ஓடக்கூடாது."

ஸ்டார்ட் செய்தேன். மூன்று சிலிண்டர் வண்டிக்கே உரிய அந்தச் சின்ன உதறல் மட்டும்தான். டொக் டொக் இல்லை.

பெல்ட் இல்லாதபோது சத்தம் நின்றால், கோளாறு இன்ஜினுக்கு வெளியே. ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் தேய்ந்து, துளை அகன்று, ஆல்டர்னேட்டர் மொத்தமும் ஆடி இரும்பில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த அதிர்வு பிளாக் வழியாகப் பரவி, கிராங்க் சத்தம்போலவே கேட்டிருக்கிறது. புது போல்ட், புஷ், துளைக்கு லேத் வேலை, அவர் கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். முதலில் பார்த்தவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால், இன்ஜினை இறக்குவதற்கு முன் ஒரு பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அதைக் கேட்டு வாங்க எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஒரு ரவுண்டு போகலாம் என்றார். அவர் ஓட்டவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்தார். தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்வரை கையை டேஷ்போர்டு மீதே வைத்திருந்தார்.

போன வாரத்திலிருந்து புதிதாக ஒரு உறுமல். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஸ்க்ரூடிரைவர்காரர்.