சீனன்குடாவும் பாட்டனார் பத்திரமும்

திருக்கோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிச் சீனன்குடா என்றோர் இடம் உண்டு. வெள்ளையர் கட்டிய எண்ணெய்க் குதங்களால் பெயர்பெற்ற இடம் அது. குடாவுக்கே சீனன் பெயரைச் சூட்டிய இந்த ஊரில், பல் வைத்தியமும் துணி வியாபாரமும் செய்து தலைமுறையாய் வாழ்ந்த சீனக் குடும்பங்கள் உண்டு. நாட்டுரிமையற்றவராய் நின்ற அத்தகைய சீனருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கச் சட்டம் பிறந்தது 2008ஆம் ஆண்டிலேதான்.

சீனர் தொகையிற் சிலரே. அவர்களை வெளியே நிறுத்திய வேலி அவர்களுக்கென்று போடப்பட்டதன்று. அது மலையகத் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரை எண்ணிப் போடப்பட்டது. சீனர் அதிலே சிக்கிக்கொண்டனர்.

வேலியின் முதற் கம்பு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இத்தீவிலே பிறந்துவிட்டால் போதாது என்றது அச்சட்டம். தந்தை இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இயலாவிடின் தந்தைவழிப் பாட்டனாரும் அவர் தந்தையாரும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். நேயர்களிலே பள்ளி ஆசிரியர் பலர் இருப்பர். தத்தம் பாட்டனாரின் பிறப்புப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டக்கூடியவர் எத்தனை பேர்? யாழ்ப்பாணத்தாரையோ கண்டிச் சிங்களவரையோ எவரும் அதைக் கேட்டாரில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளையே கேட்டார்கள்.

“கள்ளத்தோணி” என்றொரு வசைச் சொல் அந்நாளில் வழங்கியது. மலைநாட்டில் அதைச் சொன்னவர்களாவது கடலைக் காணாதவர்கள் எனலாம். துறைமுகப் பட்டினத்திலே, எல்லார் முன்னோரும் ஏதோ ஒரு மரக்கலத்தில் வந்திறங்கிய கரையிலே, அச்சொல் எப்படி நாவில் வந்ததோ!

அடுத்தது 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம். மணமானவர் 1946 ஜனவரி முதல் திகதிக்கு முந்திய ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த ஏழாண்டைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். 1939இல் தொடங்கி 1945இல் முடிகிறது. பெரும்பகுதி யுத்த காலம். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடுத்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கின. குண்டுக்கு அஞ்சித் தாயகம் போய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டவனின் வசிப்பு, சட்டத்தின் கண்ணில் அறுந்துபோயிற்று. உயிரைக் காத்ததே குற்றமாயிற்று.

எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. முடிவில் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அதற்குள், 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்களின் வாக்குரிமையும் 1949இல் பறிபோயிற்று.

திருக்கோணமலைக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி இவ்வூரிலே கூட்டிய மாநாட்டின் கோரிக்கைகள் நான்கு. பிரசாவுரிமைச் சட்டங்களை நீக்கி, வசிப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் எளிய சட்டம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தமக்குக் குடியுரிமை உள்ளவர்கள், இல்லாதவர்களுக்காகக் கேட்டது அது. ஆயின் மறு ஆண்டு பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தில் அக்கோரிக்கை பின்னர் ஆராயப்படும் என்ற அளவில் நின்றது. விட்டுக்கொடுக்க வேண்டிய வேளையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது, மேசையில் இடமில்லாதவனின் பங்கே.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 மக்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று. எங்கே வாழ விருப்பம் என்று அம்மக்களைக் கேட்குமுன்பே தொகை எழுதப்பட்டது. 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டோடியவர்கள் வவுனியாவிலும் திருக்கோணமலை மாவட்டத்திலும் காடு திருத்திக் குடியேறினர். காந்தியம் இயக்கம் அவர்களுக்குத் துணைநின்றது. 1983இல் அங்கும் தீ வந்தது. மறு ஆண்டு தலைமன்னார்–இராமேசுவரம் கப்பலும் நின்றது. அப்போதுதான், கள்ளத்தோணி என்று ஏசப்பட்டோரின் பேரர்கள் மெய்யாகவே தோணியேறினர்.

இலங்கை 2003இல், 1964 முதல் தீவில் வாழ்ந்தோருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கியது. 2009இல், தமிழ்நாட்டுக்கு ஓடிப்போனவர்களுக்கும் அக்கதவைத் திறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு தாமதமாயினும் திறந்தமைக்கு நன்றி கூறலாம். ஆனால் தமிழ்நாட்டு முகாம்களிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் இங்கேயே இருந்துவிட விரும்புகின்றனர். இந்தியாவில் அவர்கள் பாட்டனாரை எவரும் ஐயுறவில்லை. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் ஊர்ப்பெயரையே சொல்வார்கள். ஆனால் கடவுச்சீட்டின்றித் தோணியில் வந்தமையால் “சட்டவிரோதக் குடியேறிகள்” என்றது இந்தியச் சட்டம்.

அவ்வாறு நின்றவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் விண்ணப்பித்தால் மத்திய அரசு பரிசீலித்து முடிவு கூற வேண்டும் என 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பரிலே இந்தியப் பாராளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் மூன்று அண்டை நாடுகளின் பெயர்கள் உள்ளன. இலங்கையின் பெயர் இல்லை.