அயலாரின் உறக்கமும் நம் ஒலிபெருக்கியும்

மாநகர வாழ்வில் மனிதன் இழந்துவிட்ட செல்வங்கள் பல. அவற்றுள் ஒன்று அமைதி. சென்னை போன்ற பெருநகரில் வைகறை தொடங்கி நள்ளிரவு வரை வாகனங்களின் ஆரன் ஒலியும், தெருமுனைக் கூட்டங்களின் முழக்கமும், திருமண மண்டபத்து வாத்தியங்களும், விழாப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளும் நம் செவிகளை விட்டபாடில்லை. “நகரம் என்றால் அப்படித்தான்” என்று சலித்துக்கொண்டு சன்னலைச் சாத்திவிடுகிறோம். ஆனால், சாத்துவதற்குச் சன்னல்கூட இல்லாத வீடுகளில் வாழ்வோர் என்ன செய்வர்? இரவு வேலை முடித்துப் பகலில் கண்ணயரும் தொழிலாளியும், இதய நோயாளியும், தேர்வுக்குப் படிக்கும் மாணவியும், தொட்டிலில் கிடக்கும் பச்சிளங்குழந்தையும் எங்கே போவர்?

இவர்களைக் காக்க நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. அதனை அறிந்தோர்தாம் குறைவு. கிறிஸ்தவக் குடும்பங்கள் அதனை அறிந்திருக்க வேண்டியதற்குத் தனிக் காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

சட்டம் கூறுவது என்ன?

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2000-ஆம் ஆண்டில் நடுவணரசு ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகற்பொழுது. இரவு 10 முதல் காலை 6 வரை இராப்பொழுது. ஒலியை அளக்கும் அலகு டெசிபல். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிகளில் 65, 55. தொழிற்பகுதிகளில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்து நூறு மீட்டர் வரை அரசு அறிவிக்கும் அமைதி மண்டலங்களில் 50, 40 என்பன எல்லைகள்.

இந்த எண்களை ஏனைய எண்களைப் போல் எண்ணிவிடலாகாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். இருபது கூடினால் நூறு மடங்காகும். ஆகவே, 55 இருக்க வேண்டிய தெருவில் 75 ஒலித்தால் “இருபதுதானே அதிகம்” என்று தள்ளிவிட முடியாது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நெடுநாள் இரைச்சலில் வாழ்வோருக்கு உறக்கம் கெடுவதோடு இரத்த அழுத்தமும் உயரக் கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

ஒலிபெருக்கி வைக்க உரிய அதிகாரியிடம் எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டும். நகரத்தில் இதற்காக நாம் அணுகுவது காவல் துறையை. அனுமதி பெற்றபின்னும், பொது இடத்தின் எல்லையில் ஒலியானது அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபலுக்கு மேலோ, மொத்தம் 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது. இவ்விரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. அதாவது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 65 டெசிபல். வீட்டு விழாக்களில் இன்னும் குறைவு, 60 மட்டுமே. இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி மட்டுமன்று, இசைக்கருவிகளும் கூடா. அரங்கம் போன்ற மூடிய இடங்களில், உள்ளே இருப்போருக்காக மட்டும் பயன்படுத்துவதற்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் இரவு வேளையில் வாகன ஆரன் ஒலிப்பதும், ஓசையெழுப்பும் வெடிகளை வெடிப்பதும் விலக்கப்பட்டுள்ளன.

சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மேற்படாமல் இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். ஆனால், அந்த நாள்களை அரசே குறிக்க வேண்டும். நம் பங்குப் பேரவை குறிக்க இயலாது!

இவ்விதிகளை மீறுவோருக்கு முன்னர்ச் சிறைத் தண்டனையும் இருந்தது. 2023-ஆம் ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம் அதனை நீக்கி, பதினைந்து இலட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க வழிசெய்துள்ளது.

ஒரு சிறுமியின் குரல்

“சற்றுச் சத்தம் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்?” என்போர் உண்டு. 1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாளேடுகளில் வந்த செய்தியொன்று அவர்களுக்கு மறுமொழி கூறும். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கயவனின் கொடுமைக்கு ஆளாகி, உதவிக்காகக் கதறினாள். அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தமையால் அவள் குரல் எவர் செவியிலும் விழவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து மாண்டாள். அச்செய்தியால் உள்ளம் கொதித்த பொறியாளர் ஒருவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கில் 2005 சூலை 18-ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பில், இரைச்சலின்றி வாழ்வதும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்ததே என்று நீதிமன்றம் தெளிவுறுத்தியது. பேச உரிமை உள்ளவனுக்கு, கேட்க விரும்பாதவனைக் கட்டாயப்படுத்திக் கேட்கச் செய்யும் உரிமை இல்லை என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

நம்மைச் சார்ந்த ஒரு வழக்கு

இனி, முன்னர்க் குறிப்பிட்ட தனிக் காரணத்திற்கு வருவோம். ஒலிபற்றிய தீர்ப்புகளுள் நாடெங்கும் எடுத்துக்காட்டப்படும் ஒன்று, நம் சென்னையில் ஒரு கிறிஸ்தவ செபக்கூடத்தைப் பற்றி எழுந்ததாகும். மாதவரம் நெடுஞ்சாலையை அடுத்த குடியிருப்பொன்றில் பெந்தெகொஸ்தே சபையினரின் செபக்கூடத்திலிருந்து எழும் ஒலிபெருக்கி, மேளம், கிதார் ஆகியவற்றின் ஓசை தாங்க முடியவில்லை என்று அங்குள்ளோர் முறையிட்டனர். இரைச்சல் சாலை வாகனங்களால் வருவதே என்று சபையினர் வாதிட்டனர். சென்னை உயர்நீதிமன்றம் ஒலியைக் கட்டுக்குள் வைக்கக் கட்டளையிட, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2000 ஆகஸ்டு 30-ஆம் நாள் சபையினரின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பிறருடைய அமைதியைக் குலைத்துச் செபிக்கும்படி எந்தச் சமயமும் விதிக்கவில்லை. முதியோர், நோயாளர், மாணவர், குழந்தைகள் ஆகியோரின் உறக்கத்தைச் சமயத்தின் பெயரால் கெடுக்க இயலாது என்று நீதிபதிகள் உரைத்தனர். சமய உரிமையை வழங்கும் 25-ஆம் பிரிவே, பொது ஒழுங்குக்கும் மக்கள் உடல்நலத்திற்கும் உட்பட்டே அதனை வழங்குகிறது.

அச்சபையினரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. நம் முற்றத்தையும் நாம் பார்க்க வேண்டும் அல்லவா? ஆறு மணித் திருப்பலிக்கு ஐந்து மணிக்கே கோபுரத்து ஒலிபெருக்கியில் பாடல்களைப் போடும் வழக்கம் நம்மிடையே இல்லையா? கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை நாள்தோறும் வேட்டும் மேளமுமாய் இரவு பதினொன்றைத் தாண்டுவதில்லையா? அயலாரை அன்பு செய் எனும் கட்டளையைப் பற்றிய மறையுரையே அந்த அயலாரின் உறக்கத்தைக் கெடுக்குமாயின், அவர்கள் நம் மறையைப் பற்றி என்ன எண்ணுவர்? நீதிமன்றம் சொல்லித்தான் பிறரன்பைக் கற்க வேண்டுமா?

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வெளியே திருப்பிய ஒலிபெருக்கிகளை உள்ளே திருப்புவோம். திருப்பலி, கூடியிருக்கும் இறைமக்களுக்காகவே. கோவிலுக்குள் இருப்போருக்குத் தெளிவாய்க் கேட்டால் போதும். காலை 6 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் வெளியே ஒலி செல்லாதிருக்கட்டும்.

இரண்டாவது, திருவிழாவுக்கு முன்பே அனுமதி பெறுவோம். கோவிலைச் சுற்றி நோயாளர் எவரெவர் என்பதை நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் நன்கறிவர். அவர்களைக் கேட்டு, நோயாளர் வீட்டருகே ஒலிபெருக்கி கட்டாதிருப்போம். பொதுத்தேர்வுக் காலமாயின் இன்னும் கவனம் வேண்டும்.

மூன்றாவது, வாணவேடிக்கையில் அளவு வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழா முன்னிரவிலும் புத்தாண்டு முன்னிரவிலும் 11.55 முதல் 12.30 வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்றும், மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளையே பயன்படுத்த வேண்டும் என்றும் 2018-இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தது.

நான்காவது, பிறரால் நமக்குத் தொல்லை நேரின் முதலில் நேரில் சென்று பணிவோடு சொல்வோம். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனித்துச் சென்று பேசுமாறன்றோ ஆண்டவர் கற்பித்தார்? பயனில்லையேல் காவல் நிலையத்தில் எழுத்து வடிவில் முறையிடலாம். அவசரமாயின் 100-ஐ அழைக்கலாம். நாள், நேரம், இடம், ஒலியின் வகை ஆகியவற்றைத் தெளிவாய்க் குறிப்பிடுதல் நன்று. பிற சமயத்தார் விழா எனில் இரட்டிப்புப் பொறுமை வேண்டும். நம் கோபுரத்தை அடக்கிய பின்னரே பிறர் கோபுரத்தைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வரும்.

ஐந்தாவது, வீட்டிலிருந்தே இப்பழக்கம் தொடங்கட்டும். தொலைக்காட்சியின் ஒலி அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்ட வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.

நகரங்களின் இரைச்சலும் மக்கள் வாழ்வைக் கெடுக்கும் மாசுகளுள் ஒன்று என்று திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ திருமடலில் சுட்டிக்காட்டினார். வழிபாட்டிலேயே திருமௌனத்திற்கு இடம் வேண்டும் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை. இறைவாக்கினர் எலியாவுக்கு ஆண்டவர் பெருங்காற்றிலோ நிலநடுக்கத்திலோ தீயிலோ தோன்றவில்லை. மெல்லிய ஒலியிலேயே தம்மை வெளிப்படுத்தினார். அந்த மெல்லிய ஒலி நம் செவியில் விழவும், கூப்பிடு தூரத்தில் கதறும் ஓர் ஏழையின் குரல் நமக்குக் கேட்கவும் வேண்டுமானால், முதலில் நம் இரைச்சல் அடங்கட்டும்.