செம்பனைப் புழுதியும் உலகப் பட்டமும்: தெரியுமா?

சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் காடி ஓட்டியிருக்கிறீர்களா? முன்னால் பழ லோரி போனால் கண்ணே தெரியாது. மழை பெய்துவிட்டால் டயர் அதன் இஷ்டத்துக்குப் போகும். இப்படிப்பட்ட பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிப் பறப்பதுதான் ராலி!

அதில் உலகப் பட்டமே வாங்கியவர் நம் ஈப்போக்காரர் என்பது தெரியுமா? கரம்ஜித் சிங், ‘பறக்கும் சீக்கியர்’! 2002-இல் உலக ராலியின் உற்பத்திக் கார் பிரிவில் சாம்பியன். அந்தப் பட்டத்தைத் தொட்ட முதல் ஆசியர். ஓட்டியது நம் நாட்டுப் புரோட்டோன் பெர்ட்! உள்ளே இருந்தது மிட்சுபிஷிதானே என்று சிலர் முணுமுணுப்பார்கள். இருக்கட்டுமே, ஸ்டீயரிங்கைப் பிடித்த கை நம்முடையதல்லவா! ஆசிய பசிபிக் பட்டமும் 2001, 2002, 2004 என மூன்று முறை அவருக்கே.

இன்னொரு விந்தை: ராலியில் வளைவைக் கண்ணால் பார்த்துத் திருப்பினால் தாமதம், காதால் கேட்டுத் திருப்ப வேண்டும்! முன்கூட்டியே பாதையைப் பார்த்து எழுதிய குறிப்பைப் பக்கத்து இருக்கைக்காரர் வாசித்துக்கொண்டே வருவார். கரம்ஜித்துக்கு வாசித்தவர் ஆலன் ஓ. ராலி பல கட்டங்களாக நடக்கும்; ஒரு கட்டம் முடிந்து அடுத்ததற்குப் போவது பொதுச் சாலையில். அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால் உலகச் சாம்பியனும் நம்மோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்!

ராலி ஒரு குடும்பத்தையே எங்கே கொண்டுபோகும் என்று பார்க்கக் கோயம்புத்தூருக்கு வாருங்கள். ஜி.ஆர். கார்த்திகேயன், இந்தியாவின் முன்னாள் தேசிய ராலி சாம்பியன். தென்னிந்திய ராலியை ஒருமுறை இருமுறை அல்ல, ஏழு முறை வென்றவர்! அவர் மகன் நரேன்தான் 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். அப்பாவின் புழுதியை விட்டுத் தாரில் ஓடிய பிள்ளைக்கு நம் மலேசிய மண்ணும் ராசிதான்: 1995-இல் ஷா ஆலாமில் ஃபார்முலா ஆசியா பந்தயத்தில் இரண்டாமிடம், அடுத்த ஆண்டு அந்தத் தொடரின் சாம்பியன். (ஷா ஆலாம் டிராக் இன்று இல்லை, வீடுகள் வந்துவிட்டன.) 2005 மார்ச்சில் செப்பாங் ஃபார்முலா 1 பந்தயத்தில் 11-ஆவது இடம்.

இதைப் படித்த சூட்டில் தோட்டத்து ரோட்டில் யாரும் முயன்று பார்த்துவிடாதீர்கள். எதிரே வரும் பழ லோரியைப் பற்றி வாசித்துச் சொல்ல உங்கள் பக்கத்தில் ஆலன் ஓ இல்லை!