ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள்

“மகளுக்கு ஏழு மாதம். அரைக் கிண்ணம் ஊட்டச் சொல்கிறார்கள். நாலு ஸ்பூனிலேயே வாயை இறுக்கிக்கொள்கிறாள். போதுமா, போதாதா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மாவு டப்பாவின் முதுகில் அச்சிட்ட மாதவாரி அட்டவணையில் இதற்கு விடை இல்லை. குழந்தை அன்றைக்கு எவ்வளவு தாய்ப்பால் குடித்தாள் என்பது அந்த அட்டவணைக்குத் தெரியாது.

தாய்ப்பால் குடிக்கும் 6–8 மாதக் குழந்தைக்குத் திட உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதை இரண்டு மூன்று வேளையாகக் கொடுக்கலாம். வயிறோ உடல் எடையில் கிலோவுக்கு 30 கிராம்தான் கொள்ளும். 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 கிராம். அதிலும் பாலுக்கு இடம் விட வேண்டும்.

100 கிராம் கஞ்சியில் 10 கிராம் மாவு இருந்தால் 35 கலோரி. அப்படியானால் 200 கலோரிக்கு அரைக் கிலோவுக்கு மேல் கஞ்சி ஊட்ட வேண்டும். குழந்தை வயிறு நிறைந்து வாயை மூடும். உடம்பு பட்டினி கிடக்கும். மாவை இரட்டிப்பாக்கினால் களியாக இறுகிவிடும். பிஞ்சுத் தொண்டையில் இறங்காது.

ஏன் இறுகுகிறது? மாவுத்துகள் ஒவ்வொன்றும் கல்யாண மண்டபத்துக்கு மூட்டையோடு வந்த விருந்தாளி. வெந்நீர் பட்டதும் மூட்டையைப் பிரித்து நீளநீளமாகப் பாய் விரிக்கிறார். பாய்களுக்கிடையே தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. இருபது பேர் விரித்ததுமே மண்டபத்தில் நடக்க வழியில்லை. அதுதான் களி. இப்போது முளைகட்டிய தானியம் வருகிறது. தன் முளைக்கு உணவூட்ட அது அமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து வைத்திருக்கிறது. அந்த நொதி, கத்தரிக்கோலோடு வரும் மண்டபக்காரர். நீண்ட பாய்களையெல்லாம் தடுக்குத் தடுக்காக நறுக்கிவிடுகிறார். ஆளுக்கொரு தடுக்கில் உட்கார்ந்ததும் நடைவழி திறக்கிறது. வாசலில் நிற்கும் இன்னும் இருபது பேரும் உள்ளே வரலாம். மண்டபம் அதேதான், பந்திக்குத் தலைகள் இரண்டு மடங்கு.

அடுப்படியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இறுகிய கூழை இறக்கிச் சற்று ஆறவிட்டு, முளைகட்டி உலர்த்தி லேசாக வறுத்து அரைத்த கேழ்வரகு மாவைக் கொஞ்சம் கலந்து கிளறுங்கள். சில நிமிடங்களில் கூழ் நெகிழ்ந்து மெல்ல வழுக்கி இறங்கும். கிருமி போக மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். தானியத்தைக் கருக வறுத்திருந்தால் நொதி செத்திருக்கும்; கூழ் இளகாது.

1980களில் பரோடாவில் உணவியல் ஆய்வாளர் தாரா கோபால்தாஸ் குழுவினர் இந்த உத்தியை ஆராய்ந்தார்கள். சரி, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையிடமே விடலாமா? இந்த ஆய்வுக்கும் வெகுமுன்பு, 1926இல் தொடங்கி, அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 15 குழந்தைகளின் முன் உணவுகளைப் பரப்பி, அவர்கள் இஷ்டத்துக்கே உண்ண விட்டார். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் அந்தத் தட்டுகளில் சர்க்கரையோ பிஸ்கட்டோ இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

முளைகட்டிய மாவை ‘சூப்பர் உணவு’ என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். முளைப்பதால் கலோரி கூடுவதில்லை. முளை வளரக் கொஞ்சம் செலவாகவே செய்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் அவசரமாகத் தேவைப்படும் இரும்புச்சத்துக்குக் கூழ் மட்டும் போதாது. பருப்பு, முட்டை, கீரை, ஈரல் எல்லாம் வேண்டும். ஒரு சிறு ஸ்பூன் நெய் ஏறத்தாழ 40 கலோரி தரும்.

எனவே, ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள். கூழ் தண்ணீராக ஓடினால் நாலு ஸ்பூன் போதாது. மெல்ல வழுக்கி இறங்கினால் அதே நாலு ஸ்பூனில் இரு மடங்கு உணவு இருக்கிறது. குழந்தை தலையைத் திருப்பினால், உதட்டை இறுக்கினால் நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். மாதாமாதம் அங்கன்வாடி அட்டையில் எடைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாமல் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு என்பதை அவள் வாய் சொல்லும். அந்த நாலு ஸ்பூனும் வெறும் தண்ணீராகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.