சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை... 10 நாள் பயிற்சி போதுமா?

டிப்ளமோ, ஐ.டி.ஐ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது புதிதாக ஒரு பேச்சு... ‘சிப் கம்பெனி வேலை.’ குஜராத்தின் சானந்தில் மைக்ரான், அஸ்ஸாமின் ஜாகிரோட்டில் 27,000 கோடி ரூபாயில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், தோலேராவில் 91,000 கோடி ரூபாயில் இன்னொரு டாடா ஆலை என்று வரிசையாகச் செய்திகள் வர, கூடவே மொபைலில் விளம்பரங்களும் வரத் தொடங்கிவிட்டன. ‘செமிகண்டக்டர் கோர்ஸ்... வேலை கேரண்டி!’

பணத்தைக் கட்டுவதற்கு முன், அந்த வேலை என்ன என்று தெரிந்துகொள்ளலாமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிப்பை வடிவமைப்பது ஒரு வேலை. அதைத் தயாரிப்பது வேறு வேலை. வீட்டுக்கு பிளான் போடுபவரும் கட்டுபவரும் வேறு வேறு ஆட்கள் இல்லையா... அப்படித்தான். வி.எல்.எஸ்.ஐ என்ற பெயரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படிப்பது பெரும்பாலும் வடிவமைப்பு. அதற்கு இன்ஜினீயரிங் பட்டம் எதிர்பார்ப்பார்கள். டெக்னீஷியன் வேலை இருப்பது தயாரிப்புப் பக்கம். இந்த இரண்டையும் ஒரே பெயரில் கலந்து விற்பவர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

பவுடருக்கு ‘நோ’

சாதாரண நகரத்துக் காற்றில், ஒரு கன மீட்டரில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூசுத் துகள்கள் சுமார் 3.5 கோடி இருக்கும். சிப் ஆலைகளின் ‘கிளீன் ரூம்’ தர அளவுகளில் ஒன்றான ஐ.எஸ்.ஓ 5-ல் அனுமதி 3,520 மட்டுமே! மனித உடம்புதான் அங்கே பெரிய அழுக்கு. அதனால் தலைமூடியில் ஆரம்பித்து, முழு அங்கி, கடைசியாக பூட்ஸ் என்று மேலிருந்து கீழாக உடுத்திக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முகத்துக்கு பவுடர், மேக்கப் கூடாது. பென்சிலும் சாதாரண பேப்பரும்கூட உள்ளே போகாது. பயிற்சியின் முதல் பாடமே உடை உடுத்துவதுதான். சிரிப்பாக இருக்கிறதா? தினமும் பலமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

உள்ளே, தோசைக்கல் அளவுள்ள 300 மில்லிமீட்டர் சிலிக்கான் வட்டுகளை (இதைத்தான் ‘வேஃபர்’ என்கிறார்கள்) கூரையில் ஓடும் தானியங்கி வண்டிகள் மெஷினுக்கு மெஷின் கொண்டுபோகும். ஒரு வேஃபர் நூற்றுக்கணக்கான கட்டங்களைத் தாண்டி வெளியே வர இரண்டு, மூன்று மாதங்கள்கூட ஆகும். ஒளியால் வடிவம் பதிக்கும் பகுதியில் மஞ்சள் விளக்கு மட்டுமே எரியும். அங்கு பூசும் ரசாயனம் நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் பட்டால் கெட்டுவிடும்.

டெக்னீஷியனுக்கு இங்கே என்ன வேலை? மெஷின் அலாரம் அடித்தால் காரணம் கண்டுபிடிப்பது, வேக்குவம் பம்பையும் வால்வையும் பராமரிப்பது, தேய்ந்த பாகத்தை மாற்றுவது, அளவுகள் சரியா என்று பார்ப்பது, அடுத்த ஷிஃப்ட்டுக்கு எழுதி ஒப்படைப்பது. ஆலை 24 மணி நேரமும் ஓடும். பல இடங்களில் 12 மணி நேர ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட்டும் உண்டு. நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும்.

ஆபத்தும் உண்டு. சுத்தம் செய்யப் பயன்படும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தோலில் பட்டால், நீர்த்த கரைசலாக இருந்தால் உடனே வலிகூடத் தெரியாமல் போகலாம். ஆனால், உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து. உடனே தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிலேன் என்ற வாயு, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். பழுது பார்க்கும்போது மெஷினின் மின்சாரத்தை நிறுத்தி, சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இதையெல்லாம் சொல்லித் தராமல் சர்ட்டிஃபிகேட் கொடுத்தால், அது வெறும் பேப்பர்தான்.

அரிசோனா சொல்லும் பாடம்

அமெரிக்காவின் அரிசோனாவில் 2022-ல் ஒரு முயற்சி நடந்தது. மேசா கம்யூனிட்டி காலேஜும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து ‘குயிக் ஸ்டார்ட்’ என்ற பயிற்சியைத் தொடங்கின. தினமும் 4 மணி நேரம், 10 நாள்கள். முன் அனுபவம் தேவையில்லை. இன்டெல் ஊழியர்களே வகுப்பெடுத்தார்கள். முடித்துத் தேர்வில் தேறும் உள்மாநிலத்தவருக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஹோட்டல், கடை என்று வேலை பார்த்தவர்கள்கூட ஆர்வமாகச் சேர்ந்தார்கள்.

பிறகு காற்று மாறியது. 2024 ஆகஸ்ட்டில், உலகம் முழுவதும் சுமார் 15,000 பேரைக் குறைக்கப் போவதாக இன்டெல் அறிவித்தது. சிப் தொழிலே அப்படித்தான். ஏறும்போது வேகமாக ஏறும், இறங்கும்போதும் அப்படியே. 10 நாள் வகுப்பு, இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ள உதவும். வேலையை உறுதி செய்யாது.

அதே ஊரில், தைவானின் டி.எஸ்.எம்.சி வேறு வழியில் போனது. 2024-ல் அப்ரன்டிஸ் திட்டம் ஆரம்பித்து, ஆட்களை முதலில் வேலைக்கு எடுத்துக்கொண்டு, சம்பளம் கொடுத்தபடியே காலேஜுக்கும் அனுப்பியது. என்னைக் கேட்டால், இதுதான் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வழி. கடன் வாங்கிப் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லையே!

நம் பிள்ளைகளுக்கு?

எல்லாச் செய்தியிலும் ‘சிப் ஆலை’ என்று ஒரே பெயர் வந்தாலும், ஜாகிரோட்டும் சானந்தில் மைக்ரானும் சிப்பை அடைத்து, இணைப்புக் கொடுத்து, சோதிக்கும் ஆலைகள். முடியைவிட மெல்லிய கம்பியால் இணைப்புக் கொடுப்பதெல்லாம் இந்த வகை ஆலைகளில்தான் நடக்கும். தோலேராவில் திட்டமிட்டிருப்பதுதான் வேஃபரில் சிப்பையே உருவாக்கும் ஆலை. ரசாயனமும் வேக்குவமும் அதிகம் புழங்குவது அங்குதான். மூன்றுமே நம் ஊரிலிருந்து வெகுதூரம் என்பதையும் வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ, 2023-ல் ஐ.சி தயாரிப்புக்கென்றே தனி டிப்ளமோ பாடத்திட்டம் வெளியிட்டது. அது கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், மெக்கட்ரானிக்ஸ், கெமிக்கல் டிப்ளமோக்கள் எல்லாமே இந்த வேலைக்குப் பொருந்துபவைதான். ஐ.டி.ஐ-யில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், ஃபிட்டர் படித்தவர்களும் முயற்சி செய்யலாம். சிப் எப்படி உருவாகிறது என்பதை ஐ.ஐ.டி பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல் வகுப்புகளில் இலவசமாகவே பார்க்கலாம். சர்ட்டிஃபிகேட் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

தனியார் பயிற்சி மையத்துக்குப் போனால், பளபள கிளாஸ் ரூமைப் பார்த்து மயங்காமல் லேபைக் காட்டச் சொல்லுங்கள். வேக்குவம் பம்ப் இருக்கிறதா, அதைப் பிள்ளைகள் கையால் கழற்றி மாட்ட விடுவார்களா? கிளீன் ரூம் உடை இருக்கிறதா? ரசாயனப் பாதுகாப்புக்கு எத்தனை மணி நேரம்? போன பேட்ச்சில் யார், எந்த ஆலையில், என்ன வேலையில் சேர்ந்தார்கள்? அவர்களில் இரண்டு பேரிடம் போனில் பேச முடியுமா? ‘அதெல்லாம் சேர்ந்த பிறகு சொல்கிறோம்’ என்று பதில் வந்தால், அட்வான்ஸ் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.