தண்ணீரில் விழுந்த செல்போன்



போன சம்பா நடவின்போது ஒரு பெரியவர் வந்தார். "சார், போன் வயல்ல விழுந்திருச்சு. எடுத்ததும் அமுக்கிப் பார்த்தேன், பேசிச்சு. ரெண்டு நாள்ல செத்துப் போச்சு" என்றார். பாங்கிச் செய்தியெல்லாம் அதில்தான் வருமாம்.

அமுக்கிப் பார்த்ததுதான் தப்பு. வயல் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கும். உரம் போட்டிருந்தால் இன்னும் கூடும். அந்த ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால், உள்ளேயுள்ள மெல்லிய செம்புத் தடங்கள் களிம்பேறி அரித்துவிடும். நனைந்த மோட்டாருக்குக் காயாமல் சுவிட்சு போடுவோமா? இதுவும் அப்படித்தான்.

எடுத்ததும் போனை அணைத்துவிடுங்கள். உறை, சிம் கார்டு, கழற்ற வருமானால் பேட்டரி ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். துணியால் ஒற்றி, சார்ஜர் துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டுங்கள். பிறகு நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் ஆகாது. அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம்; துணுக்குகள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எச்சரித்தது.

தண்ணீர் காய்ந்தாலும் உப்பு காயாது, உள்ளேயே தங்கும். ஆகையால் உரத்தண்ணீர், கடல்நீர் பட்ட போனை அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து கழுவச் சொல்லுங்கள். நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜே கூடாது, தீப்பிடிக்கும்.

அதுவரை சிம் கார்டைத் துடைத்து வேறு போனில் போட்டுக்கொண்டால் பாங்கிச் செய்தி தவறாது.