லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்களுக்கு

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து திரும்பும்போது பலர் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும், மனதில் ஒரு தீர்மானமும் இருக்கும்: இந்த வருஷமாவது வேதத்தை முழுசாக வாசித்துவிட வேண்டும். கணக்கு சுலபம்தான். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வார நாளில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 23. டிசம்பர் முடிவதற்குள் வெளிப்படுத்தின விசேஷத்தையும் முடித்துவிடலாம்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் பாதிப் பேர் ஜனவரி கடைசியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆதியாகமம் கதையாக ஓடும். யாத்திராகமமும் 20-ஆம் அதிகாரம் வரை விறுவிறுப்புதான். 25-இல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளும் திரைகளும் கொக்கிகளும் தொடங்குகின்றன. மாதம் முடியும் நேரத்தில் லேவியராகமம்: பலி முறைகள், தோல்நோய்ச் சட்டங்கள். அதைத் தாண்டினால் எண்ணாகமத்தின் குடிக்கணக்கு. இந்த வேகத்தில் மத்தேயுவைத் தொடும்போது அக்டோபர் பிறந்திருக்கும். இயேசுவைத் தெரிந்துகொள்ளவே புத்தகத்தைத் திறந்தவர் அவரைப் பார்க்க ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதில் வாசகரின் பக்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசைதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போனால்தான் முழு வாசிப்பு என்று எந்தச் சட்டமும் கிடையாது. பைபிள் ஒருவர் ஒரே மூச்சில் எழுதிய நூல் அல்ல. பல நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவற்றை வகை வகையாகப் பிரித்து அடுக்கிய தொகுப்பு. சட்டம், வரலாறு, பாட்டு, தீர்க்கதரிசனம் என்று அடுக்கியிருக்கிறார்கள். காலவரிசையை அதில் தேட முடியாது. பவுலின் நிருபங்களைப் பாருங்கள்: சபைகளுக்கு எழுதியவை முதலில், தனி ஆட்களுக்கு எழுதியவை பின்னால், இரண்டிலும் ஏறக்குறைய நீளமானது முன்னே, குட்டையானது பின்னே. ரோமர் முதலில் வருவது அதன் நீளத்தால்தான். அவர் முந்தி எழுதியவற்றில் ஒன்றான 1 தெசலோனிக்கேயர் வெகு தூரம் தள்ளி வருகிறது.

காரைக்காலில் இருப்பவர்களுக்கு வேறொரு வரிசையைக் காட்ட அதிக தூரம் போக வேண்டாம். வடக்கே பொறையாறு, அதைத் தாண்டினால் தரங்கம்பாடி. 1706-இல் அங்கே வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் அச்சாயின. மிச்சமிருந்த பகுதியும் சேர்ந்து 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையடைந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் சிறிய எழுத்து வார்த்தார்கள். பொறையாறில் ஒரு காகித ஆலையே வைத்துப் பார்த்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தபோது, 1719-இல், 36 வயதில் சீகன்பால்கு இறந்துபோனார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷுல்ட்சே முடித்து, 1723 முதல் 1728 வரை பகுதி பகுதியாக அச்சிட்டார்.

ஆக, தமிழில் வேதம் வாசித்த முதல் தலைமுறைக்கு முதலில் கிடைத்தவை சுவிசேஷங்களும் நடபடிகளும். பிறகு நிருபங்கள், பிறகு மோசேயின் ஆகமங்கள், கடைசியில் தீர்க்கதரிசிகள். அச்சுக்கூடத்தின் நெருக்கடியில் அமைந்த வரிசைதான் என்றாலும், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதையே சொல்வேன்.

வேறு திட்டங்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் மக்செய்ன் 1842-இல் தன் சபைக்கு ஓர் அட்டவணை போட்டார். முதல் நாளே ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, நடபடிகள் என நான்கு இடங்களில் ஒவ்வோர் அதிகாரம். ஒரு வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடியும். சலிப்பு தட்டாது, ஆனால் நான்கு கதைகளையும் மனதில் தனித்தனியே வைத்துக்கொள்வது முதல் முறை வாசிப்பவருக்குச் சிரமம். காலவரிசைத் திட்டம் இன்னொன்று: இராஜாக்களின் வரலாற்றோடு ஏசாயா, எஸ்றாவோடு ஆகாய், சகரியா, நடபடிகளோடு பவுலின் நிருபங்கள். இது இரண்டாவது சுற்றுக்குத்தான் ருசிக்கும்.

கத்தோலிக்கர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுடைய திருவிவிலியத்தில் 73 நூல்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகியவை கூடுதல். (தரங்கம்பாடியின் 1728 அச்சிலும் இந்தத் தள்ளுபடி ஆகமங்கள் இடம்பெற்றிருந்தன என்பதை இன்று லுத்தரன்களே பலர் அறியமாட்டார்கள்.) 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்காலின் கத்தோலிக்க மரபில் வேதம் பெரும்பாலும் கோயிலில் காதால் கேட்பதாகவே இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்த பிறகே வீட்டில் கையில் எடுத்து வாசிக்கும் வழக்கம் பரவலானது. இன்று ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றாகவும் வார நாள் வாசகங்கள் ஈராண்டுச் சுற்றாகவும் வருகின்றன. மூன்று வருஷம் தவறாமல் பூசைக்குப் போனால் பைபிள் முழுவதும் கேட்டாகிவிடும் என்று சொல்வார்கள். ஆகாது. ஒபதியா இந்தச் சுற்றுகளில் வருவதே இல்லை. 1 குறிப்பேட்டின் (மற்றவர்கள் கையில் 1 நாளாகமம்) முதல் ஒன்பது அதிகார வம்சவரலாறும் அப்படித்தான். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியை நாம்தான் வீட்டில் வாசித்தாக வேண்டும்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் லூக்கா, அடுத்து நடபடிகள். இரண்டும் ஒரே ஆசிரியர் எழுதியவை, சேர்ந்து 52 அதிகாரம். பிறகு ஆதியாகமமும் (கத்தோலிக்கர் கையில் தொடக்கநூல்) யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரமும். அங்கிருந்து யோசுவா, நியாயாதிபதிகள், ரூத், சாமுவேல், இராஜாக்கள் என்று கதையோடே போங்கள். தாவீதின் கதை தெரிந்தபின் சங்கீதமும், ராஜ்யம் விழுந்த கதை தெரிந்தபின் எரேமியாவும் வேறு மாதிரி கேட்கும். இடையிடையே மற்ற சுவிசேஷங்களையும் நிருபங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். லேவியராகமத்தை எபிரெயருக்கு எழுதின நிருபத்தோடு சேர்த்து வாசியுங்கள். பலியும் ஆசாரியனும் அங்கே எதற்கு என்று அப்போது புரியும். வம்சவரலாறுகளை ஒரே மாலையில் உரக்க வாசித்துக் கடந்துவிடலாம். வாசித்து முடித்த புத்தகத்தைப் பொருளடக்கப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள், எதுவும் விடுபடாது.

ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. நாளுக்கு இரண்டு அதிகாரம் என்றால் இருபது மாதத்துக்குள் முடிந்துவிடும். நான்கு நாள் விட்டுப்போனால் விட்டதை ஈடுகட்ட எட்டு அதிகாரத்தை ஒரே இரவில் விழுங்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து தொடருங்கள்.

பிரதி எது என்பதும் முக்கியம். 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளில் நாவுக்குப் பழகியது. மனப்பாட வசனங்களுக்கு அதை மிஞ்சியது இல்லை. ஆனால் தீர்க்கதரிசிகளிலும் யோபுவிலும் அந்தத் தமிழ் இன்றைய வாசகரைத் திணறடிக்கும். அங்கே 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கைகொடுக்கும், எந்தச் சபையாரானாலும். கிறிஸ்தவர் அல்லாதவர் ஓர் இலக்கியமாக வாசிக்க விரும்பினாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

லூக்கா 24 அதிகாரம்தான். நாளுக்கு இரண்டு என்றால் பன்னிரண்டு நாள் வேலை. அதற்கு ஜனவரி ஒன்றாம் தேதி வர வேண்டியதில்லை, இன்று இரவே தொடங்குங்கள்.